தெற்கு முகத்தில் வெயில்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆலையில் கணக்கெழுதுவது என் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்து ஏறுவது என் பழக்கம். இவ்விரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்றுதான் நானும் என் வீட்டாரும் நெடுங்காலம் நினைத்திருந்தோம். 2024-ஆம் ஆண்டு பொங்கலுக்கு முந்தைய வாரம், ஆலைக்குப் பேரேடு வாங்கப் போன கடையில் எனக்கென்றும் ஒன்று வாங்கினேன். எங்கே போனேன், எத்தனை மணிக்குப் போனேன், வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது, எத்தனை படம் எடுத்தேன், தேறியவை எத்தனை என்று அதில் ஐந்து பத்தி கோடு கிழித்து எழுதத் தொடங்கினேன். ஆண்டு முடிவில் கூட்டிப் பார்த்தபோது 27 பயணங்கள், ஏறத்தாழ 4,100 படங்கள், தேறியவை 38 என்று வந்தது. இந்தக் கணக்கில் தீக்குச்சி கழிவு போயிருந்தால் எங்கள் முதலாளி ஆலையை என்றோ மூடியிருப்பார்.

இன்று நான் பேச வந்தது அந்த மூன்றாவது பத்தியைப் பற்றித்தான்: வெயில் எந்தப் பக்கம் என்ற பத்தி. படம் எடுக்கும் நண்பர்கள் எல்லோரும் காலையையும் மாலையையும் பற்றியே பேசுகிறோம். ஒரு நாளுக்குள் வெயில் எப்படி மாறுகிறது என்பது நமக்குத் தெரியும். ஓர் ஆண்டுக்குள் அது எப்படி நகர்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். உத்தராயணம், தட்சிணாயனம் என்று தினக்காட்டியில் அச்சிட்டிருப்பதை நாள்தோறும் கிழித்துப் போடுகிற நாம், அந்தச் சொற்களை நல்ல நாள் பார்ப்பதற்கு மட்டுமே வைத்துக்கொண்டிருக்கிறோம்.

கன்னியாகுமரிக்குப் போய் ஏமாந்து திரும்பியவர்கள் நேயர்களில் பலர் இருப்பீர்கள். அங்கே கதிரவன் கடலில் எழுவதையும் கடலில் விழுவதையும் பார்க்கலாம் என்று கேட்டுவிட்டு, மே மாத விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போவோம். அந்த மாதத்தில் சூரியன் வடமேற்கே சாய்ந்து நிலத்தின் பக்கம் மறைந்துவிடும். ஏறத்தாழ ஐப்பசி முதல் மாசி வரை, சூரியன் தெற்கே ஒதுங்கியிருக்கும் மாதங்களில்தான் அது கடலுக்குள் இறங்குவது கண்ணுக்குக் கிடைக்கும். இடம் சரி, நேரம் சரி, மாதம் தவறு. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகும் கழுகுமலைக் கதையும் இதேதான்.

கழுகுமலை எங்கள் ஊரிலிருந்து சங்கரன்கோவில் போகும் வழியில், 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் இருக்கிறது. அங்குள்ள வெட்டுவான் கோவிலைப் பாண்டியர் காலத்தில், எட்டாம் நூற்றாண்டில், மலைப்பாறையை மேலிருந்து கீழ்நோக்கிக் குடைந்து செய்தார்கள். நான்கு புறமும் ஏறத்தாழ 25 அடி ஆழத்துக்குப் பாறையை வெட்டி எடுத்து, நடுவில் எஞ்சிய பாறையையே விமானமாகச் செதுக்கியிருக்கிறார்கள்; மேற்பகுதி முடிந்தது, அடிப்பகுதி முடியாமல் நின்றுபோயிற்று. அது ஏன் நின்றது என்பதற்கு ஊரில் ஒரு தகப்பன் மகன் கதை வழங்குகிறது, அதை இங்கே விட்டுவிடுகிறேன். படம் எடுப்பவனுக்கு முக்கியமானது ஒன்றே: இந்தக் கோவில் ஒரு பள்ளத்துக்குள் இருக்கிறது. கோவில் கிழக்கு நோக்கியது. அதன் தெற்கு முகத்தில் தட்சிணாமூர்த்தி அமர்ந்திருக்கிறார். மரத்தடியில் மௌனமாக உபதேசிக்கும் வழக்கமான கோலத்தில் இல்லை, மிருதங்கம் வாசித்துக்கொண்டிருக்கிறார்.

தை மாதம் முதல் முறை போனபோது, புத்தகங்களில் படித்தபடி காலை ஏழு மணிக்கே மலையில் இருந்தேன். பள்ளம் இருட்டாகக் கிடந்தது. விமானத்தின் உச்சியில் மட்டும் மஞ்சள் பூசியது போல வெளிச்சம். கீழே எதுவும் துலங்கவில்லை. ஒன்பது மணிவரை பொறுத்துப் பார்த்துவிட்டு, இனி வெயில் கடுமையாகிவிடும், படத்துக்கு உதவாது என்று நானாகவே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு இறங்கிவிட்டேன். பேரேட்டில் அன்றைய வரி: 140 படம், தேறியது ஒன்று. அந்த ஒன்றும் பாறைமேல் நின்ற ஆட்டுக்குட்டி.

அடுத்து ஏப்ரல் 14, ஞாயிறு, சித்திரை முதல் நாள். வீட்டில் வடை பாயசம் முடிந்து கிளம்பியதால் மலைக்குப் போய்ச் சேர நண்பகல் ஆகிவிட்டது. எனக்கே என்மேல் எரிச்சல். 12 மணி 20 நிமிடத்துக்குக் குனிந்து பார்க்கிறேன், என் நிழல் என் செருப்புக்குள் ஒளிந்துகொண்டிருந்தது. கழுகுமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பது பாகையை ஒட்டி இருப்பதால், சித்திரை பிறப்பை ஒட்டிய ஓரிரு நாள்களில் சூரியன் அங்கே நேர் உச்சியில் நிற்கிறது. மீண்டும் ஆவணி நடுப்பகுதியில் ஒரு முறை நிற்கிறது. இடைப்பட்ட நான்கரை மாதமும் அது நமக்கு வடக்கே இருக்கிறது. எழுவதும் வடக்கே ஒதுங்கி, உச்சிக்கு வருவதும் வடக்கே ஒதுங்கி, மறைவதும் அப்படியே. இதன் பொருள் என்ன? அந்த நான்கரை மாதமும் தட்சிணாமூர்த்தியின் மேல் நேர் வெயில் ஒரு நொடிகூட விழாது. எட்டாம் வகுப்பில் படித்த பாடம்தான். ஆனால் அதை என் செருப்பைப் பார்த்துத்தான் நான் புரிந்துகொண்டேன்.

மலையடிவாரத்தில் தேநீர்க் கடை வைத்திருப்பவர் ஒருவர், நான் மாதாமாதம் வருவதைக் கவனித்துவிட்டு, “என்ன அண்ணாச்சி, போன தடவை எடுத்தது சரியா விழலையா?” என்று கேட்பார். அவருடைய எண்ணத்தில் ஒரு கோவிலுக்கு ஒரு படம் போதும். ஆமாம், சரியாக விழவில்லை என்றே ஒவ்வொரு முறையும் சொல்லிவந்தேன். அது பொய்யுமல்ல.

ஆனி மாதம் போனபோது எனக்கு நம்பிக்கையே இல்லை. தெற்கு முகம் நிழலில் இருக்கும் என்று தெரிந்தேதான் போனேன். நேயர்கள் இதைச் சற்றே கற்பனை செய்துபார்க்க வேண்டும். சூரியன் வடக்கே நிற்கிறது. ஆகவே கோவிலின் தெற்கு முகம் நிழல். ஆனால் அந்த முகத்துக்கு எதிரே, பள்ளத்தின் தெற்குச் சுவராகப் பாறை நிற்கிறதே, அது வடக்கு நோக்கி நிற்கிறது. உச்சி வெயில் அந்தப் பாறையில் பட்டுத் தெறித்து, எதிரே இருக்கும் சிற்பத்தின் மேல் கீழிருந்து மேலாக எழும்புகிறது. நெற்றிக்குக் கீழே நிழல் இல்லை, கைக்கு அடியில் கருமை இல்லை. பெரிய லென்ஸை மாட்டிப் பார்த்தபோது, மத்தளத்தின் தோலில் படிந்திருந்த விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. ஒரு தட்டு விழுந்து அடுத்த தட்டுக்கு முன் இருக்கும் இடைவெளியில் கை நின்றிருப்பது போல இருந்தது. மார்கழியில் மறுபடி போய், சூரியன் தெற்கே இறங்கி நேர் வெயில் முழுமையாக விழும் நண்பகலிலும் எடுத்தேன். சடையும் அணிகலன்களும் அதில் பளிச்சென்று வந்தன, ஆனால் விரல்கள் தம் நிழலுக்குள்ளேயே மறைந்துவிட்டன. இரண்டு படத்தையும் அச்சிட்டு ஆலையில் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் மார்கழிப் படத்தைப் பாராட்டுகிறார்கள். நான் ஆனிப் படத்தின் பக்கம்.

கழுகுமலையிலேயே நின்றுவிட்டேன், கூந்தன்குளத்துக்கும் போக வேண்டும். நாங்குநேரி வட்டத்தில் உள்ள அந்தக் குளம் 1994-இல் பறவைகள் சரணாலயமாயிற்று. தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் என்று அதை நீங்கள் அறிவீர்கள். வீட்டு முற்றத்து மரத்தில் நாரை கூடு கட்டினால், எச்சமும் நாற்றமும் வாசல்வரை வந்தாலும், அதை நல்ல சகுனம் என்று பொறுத்துக்கொள்கிற மக்கள் அவர்கள். இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகளைப் பார்க்கப் பிப்ரவரியில் விடியலுக்கு முன்பே போய்ச் சேர்ந்தேன். வாத்துக் கூட்டம் நீரைவிட்டு எழும்பி என் தலைக்கு மேலேயே போயிற்று. 90 படங்கள் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அத்தனையும் மணலை வாரி இறைத்தது போல் புள்ளி புள்ளியாக இருக்கின்றன. முந்தைய நாள் இரவு உறவினர் வீட்டுச் சடங்கில் குறைந்த வெளிச்சத்துக்காக ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமராவின் ஒளியுணர்வு அளவை, 6400 என்று கூட்டி வைத்தவன் அதைத் திருப்பி வைக்கவே இல்லை. பேரேட்டில் அன்று ஆறாவதாக ஒரு பத்தி கோடு கிழித்தேன்: கிளம்புமுன் ஐ.எஸ்.ஓ. பார்த்தாயா? அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வரியிலும் அதில் சரிக்குறி இருக்கிறது. ஒன்றிரண்டு குறி மாலையில் வீடு திரும்பிப் போட்டவை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தூத்துக்குடி உப்பளத்தைப் பற்றி ஒன்று மட்டும். கேமராவுக்கு வெள்ளை என்று ஒரு நிறம் தெரியாது. எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலாக்கவே பார்க்கும். அதன் போக்கில் விட்டால் உப்புக்குவியல் சிமெண்டுக் குவியலாக வரும். எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே விடும் ஒளியின் அளவை, ஒரு படி, ஒன்றரைப் படி கூட்டி வைத்தால்தான் உப்பு உப்பாக இருக்கும். அங்கே உப்பு வாருகிற அம்மா ஒருவர், படம் எடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அடுத்த மாதம் அச்சுப்படத்தை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அதைத் தம் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, கண் கூசாத மாதிரி நிழலில் நிறுத்தி ஒன்று எடுத்துத் தரச் சொன்னார். அந்த வெளியில் நிழலுக்கு எங்கே போவது? லாரி ஒன்றின் ஓரத்தில் நிற்கவைத்து எடுத்தேன்.

நிலைய நண்பர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார். தஞ்சாவூரைப் பற்றித்தான் அதிகம் பேச நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். 1858-இல், சென்னைப் படையைச் சேர்ந்த லின்னேயஸ் டிரைப் என்ற அதிகாரி, காகித நெகட்டிவ்களை வைத்துக்கொண்டு, பெரிய கோவில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டை நகர்ந்து நகர்ந்து படம் பிடித்தார். 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார். புரட்டாசியில் அதே கல்வெட்டின் ஒரு பக்கத்தையாவது எடுத்துவிடலாம் என்று ரயிலேறிப் போனேன். வெட்டெழுத்துக்கு வெயில் சுவரை உரசியபடி சாய்வாக விழ வேண்டும். முன்னாலிருந்து விழுந்தால் எழுத்தே தெரியாது. பதினோரு மணிக்கு ஒரு சுவரில் எழுத்துகள் எழுந்து நின்றன, பதினைந்து நிமிடத்தில் மீண்டும் கல்லுக்குள் போய்விட்டன. அதற்குள் நான் நகர்ந்தது ஏழு அடி. மீதியை எந்த மாதத்தில் எடுப்பது என்று புதிய பேரேட்டில் குறித்து வைத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.