ஒரே ஒரு எழுத்துதானாம்!

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். திருமணத்துக்குப் பிறகு பெண் தன் பெயரை மாற்றிக்கொள்வது பெருமையா, தொல்லையா? தொல்லையே என்று பேச வந்திருக்கிறேன். நேரே எதிரணி அண்ணனிடம் போய்விடுகிறேன், அவருக்குத்தான் கொடுக்க வேண்டியது பாக்கி இருக்கிறது.

என்ன சொன்னார்? "அப்பா இனிஷியலை எடுத்துட்டுப் புருஷன் இனிஷியலைப் போடணும். ஒரே ஒரு எழுத்து! ஒரு முகூர்த்தத்துக்கு மூணு சேலை மாத்துறவங்களுக்கு ஒரு எழுத்து மாத்த வலிக்குதா?" கைதட்டல் அள்ளினார். நீங்களும் தட்டினீர்கள், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அண்ணே, சேலையை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாத்தலாம். ஆதாரில் பெயரை ஆயுசுக்கே இரண்டு தடவைதான் மாத்தலாம்! எழுத்துப்பிழைக்காக ஏற்கெனவே ஒரு தடவை திருத்தியிருந்தால் மிச்சம் ஒன்று. அந்த ஒன்றிலும் புருஷன் பெயரில் ஒரு எழுத்து பிசகினால் அதோடு கோட்டா முடிந்தது.

ஒரே எழுத்து என்கிறீர்களே, அந்த எழுத்து என்ன பாடு படுத்தும் என்று சொல்லட்டுமா? பேச்சுக்கு ஒரு பெண், கவிதாராணி என்று வைத்துக்கொள்வோம். அப்பா ராமசாமி, மாப்பிள்ளை சுந்தரம். கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா மொய்க் கவரில் செக் வைக்கிறார். மருமகளைக் கௌரவப்படுத்துகிறாராம்! 'திருமதி எஸ்.கவிதா' என்று எழுதி, பத்திரமாக இருக்கட்டும் என்று மூலையில் இரண்டு கோடும் போட்டுவிட்டார். கோடு போட்ட செக்கைக் காசாக வாங்க முடியாது, கணக்கில்தான் போட வேண்டும். கணக்கு யார் பெயரில்? ஆர்.கவிதாராணி.

"எஸ்.கவிதா யாரும்மா?"

"நான்தான் சார்."

"அப்போ ஆர்.கவிதாராணி?"

"அதுவும் நான்தான் சார்."

"அந்த எஸ் யாரு?"

"எங்க வீட்டுக்காரர் சார்."

"அவரையும் கூட்டிட்டு வந்திருக்கீங்களா?"

சரி, ஆதாரை மாற்றிக்கொண்டு வரச் சொல்கிறார்கள். ஆதார் மையத்தில் கல்யாணச் சான்றிதழ் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எல்லாத் திருமணத்தையும் பதிவு செய்ய வேண்டும், அதுவும் 90 நாளுக்குள். நம் வீடுகளில்தான் மறுவீடு, விருந்து, ஆடிச் சீர் என்று அந்த நாளெல்லாம் ஓடிவிடுமே! ஓடிப்போய் சார்பதிவாளர் அலுவலகத்தில் நிற்கிறாள். ஆதாரமாகக் கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்கிறாள்.

"மார்க் ஷீட்ல கவிதாராணி. பத்திரிகையில வெறும் கவிதா. ராணி எங்கேம்மா?"

"ராணி இதோ நிக்குது சார்!"

"நிக்குது சரி, பத்திரிகையில காணோமே?"

தாய்மாமன், சித்தப்பா, வாண்டுகள் வரைக்கும் பெயர் போட இடம் இருந்த பத்திரிகையில் மணப்பெண்ணின் முழுப்பெயருக்கு இடமில்லை. கூடப் பிரமாணப் பத்திரம், சாட்சி என்று அலைந்து சான்றிதழ் வாங்கி, ஆதாரை மாற்றி, வங்கிக் கணக்கையும் எஸ்.கவிதாராணி ஆக்கிவிட்டு, ஜெயித்த முகத்தோடு செக்கை நீட்டுகிறாள். கவுன்ட்டரில் இருந்தவர் தேதியைப் பார்க்கிறார். 2012 ஏப்ரலில் இருந்து செக்குக்கு ஆயுள் மூன்று மாதம்தான். காலாவதி!

புது மருமகள் பெரியப்பாவிடம் போய் "மாமா, மொய்யைத் திரும்ப எழுதுங்க" என்று கேட்க முடியுமா? கேட்டாள், பாவம். அவரும் நல்ல மனுஷன். "அடடா, போன தடவை பேரு மாறிப்போச்சுன்னு சொன்னாங்களே" என்று வெகு கவனமாக எழுதிக் கொடுத்தார். எப்படி? 'ஆர்.கவிதாராணி'!

சிரிக்கிறீர்கள். எதிரணி அண்ணனும் சிரிக்கிறார், நடுவர் அவர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் பான் கார்டு இருக்கிறது. ஆதாரில் எஸ், பானில் ஆர் என்றால் இரண்டையும் இணைக்கும்போது பெயர் ஒத்துவராது. பி.எஃப். பணம் கேட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். பாஸ்போர்ட்டில் இனிஷியலே செல்லாது, விரித்துத்தான் எழுத வேண்டும். அண்ணன் சொன்ன அந்த ஒரு எழுத்து அங்கே 'சுந்தரம்' என்று முழுசாக வந்து உட்காரும். அதற்குள் மாப்பிள்ளை ஆசையாகத் தேனிலவு டிக்கெட்டைப் புதுப் பெயரில் போட்டிருப்பார். பாஸ்போர்ட் பழைய பெயரில். விமான நிலைய வாசலில் அவர் உள்ளே, இவள் வெளியே! மாற்றியே தீருவேன் என்பவர்கள் கல்யாணச் சான்றிதழ், ஆதார், பான், வங்கி என்ற வரிசையில் போங்கள். பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை டிக்கெட் பழைய பெயரில்தான். பெயர் மாற்றத்தை அரசிதழில் போட்டாலும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பழைய 'ஆர்' அப்படியேதான் இருக்கும். அரசிதழ் நகலை அதோடு சேர்த்தே காலம் முழுக்கக் காட்ட வேண்டும். இவ்வளவுக்கும், மனைவி பெயரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று நம் நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை.

எம்.எஸ். அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1940-ல் சதாசிவத்தை மணந்தார். எஸ் என்றால் சதாசிவம் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. இல்லை, மதுரை சண்முகவடிவு சுப்புலட்சுமி. சண்முகவடிவு அவரைப் பெற்ற தாய், வீணைக் கலைஞர். 1998-ல் பாரத ரத்னா வாங்கியபோதும் அந்த அம்மா பெயர்தான் முன்னால் நின்றது. கணவர் மேல் அவருக்குப் பாசம் குறைவு என்று எவராவது சொல்ல முடியுமா?

அண்ணே, கடைசியாக ஒன்று. பான் விண்ணப்பத்தில் கல்யாணமான பெண்ணும் அப்பா பெயரைத்தான் எழுதுகிறாள், கணவர் பெயரை அல்ல. பான் எண்ணின் ஐந்தாவது எழுத்து அவள் பெயரின் கடைசிப் பகுதிக்கு உரியது. கல்யாணத்துக்கு முன்பே பான் வாங்கியவளுக்கு நம் ஊரில் அது பெரும்பாலும் அப்பா பெயரின் எழுத்து. பெயரை மாற்றினால் கார்டு மாறும், எண் மாறாது. கவிதாராணி நாளைக்கு வீட்டுக் கடன் வாங்கும்போதும், பேரன் படிப்புக்குப் பணம் போடும்போதும் நடுவில் அந்த 'ஆர்' இருக்கும். ராமசாமிக்கு அது தெரியாது. கன்னிகாதானத்தில் கையைப் பிடித்துக் கொடுத்துவிட்டு மண்டபத்துத் தூண் ஓரமாகப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டவர் அவர். பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று அந்த எழுத்தை மகளுக்குக் கொடுத்ததும் அவர்தான். உங்களுக்கும் மகள் இருக்கிறாள் அண்ணே. அவள் கையெழுத்தில் உங்கள் எழுத்து இல்லாத நாள் வந்தால், இந்த மேடையில் சொன்ன அதே வாயால் "ஒரே ஒரு எழுத்துதானே" என்று சொல்லிப் பாருங்கள்.

மணி அடித்துவிட்டார் நடுவர். நன்றி, வணக்கம்.