சேவ் ஆகாத ஜேபெக்

நேயர்களுக்கு வணக்கம்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பேனர், கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவர்களிடம் படங்களைத் திருத்த உதவும் கிம்ப் என்ற திறமூல மென்பொருளை, அதாவது மூல நிரலை யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய மென்பொருளைக் காட்டினால் ஒரு புகார் உடனே வரும்: “ஜேபெக்காக சேவ் ஆக மாட்டேங்குதே!”

உலகம் முழுக்க எழுந்த புகார் இது. 2012-இல் வந்த 2.8 பதிப்பிலிருந்து, சேவ் கொடுத்தால் கிம்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாக மட்டுமே சேரும். ஜேபெக் வேண்டுமா, எக்ஸ்போர்ட் கொடுக்க வேண்டும். பலர் கொதித்தார்கள். உருவாக்கியவர்கள் அசையவில்லை.

காரணம் பேனர்காரருக்குச் சட்டென்று புரியும். “முகூர்த்த நேரம் மாறிடுச்சு” என்று மறுநாள் வாடிக்கையாளர் வந்து நிற்பார். ஜேபெக் மட்டும் கையில் இருந்தால் எழுத்தும் படமும் ஒன்றாக ஒட்டிப்போயிருக்கும், தனித்தனி அடுக்குகளாக வைத்திருந்த லேயர் எதுவும் மிஞ்சாது. எக்ஸ்சிஎஃப் இருந்தால் அந்த ஒரு வரியைத் திருத்தினால் போதும். சரி, போட்டோவின் ஓரத்தை வெட்டுவதற்காகத் திறந்தவருக்கு இதெல்லாம் வீண் தொல்லைதானே? அவருக்காக, திறந்த ஜேபெக்கின் மேலேயே எழுதிக்கொள்ள ஒரு கட்டளையும் வைத்தார்கள்.

அதே 2.8-இல் இன்னொரு விஷயத்தில் இறங்கி வந்தார்கள். அதுவரை கருவிகள் ஒரு சன்னல், படம் ஒரு சன்னல், லேயர்கள் ஒரு சன்னல் என்று திரையெங்கும் சிதறிக் கிடக்கும். எல்லாம் ஒரே சன்னலில் வேண்டும் என்று பயனர்கள் நச்சரித்து வந்தார்கள். அது விருப்பத் தேர்வாக வந்தது. 2018-இல் வந்த 2.10 பதிப்பில் அதுவே இயல்பான அமைப்பாகிவிட்டது.

இரண்டும் சரியான முடிவு என்பேன். கைக்கு எது வசதி என்று வேலை செய்பவருக்குத்தான் தெரியும். எந்த வேலை அழிந்துபோகும் என்பது நிரல் எழுதுபவருக்கு முன்கூட்டியே தெரியும்.

எல்லாக் குழுவும் இப்படிப் பக்குவமாக நடந்துகொள்ளவில்லை. லினக்ஸ் இயங்குதளத்தில் பயன்படும் க்னோம் என்ற திரைச்சூழலின் மூன்றாம் பதிப்பான க்னோம் 3, 2011-இல் வந்தபோது, சன்னலைச் சுருக்கும் பட்டனையே இயல்பமைப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே கடிந்துகொண்டு எக்ஸ்எஃப்சிஇ என்ற வேறொரு திரைச்சூழல் பக்கம் போனார், பிறகு திரும்பி வந்தது வேறு கதை. சிலர் பழைய க்னோம் 2-இன் நிரலை எடுத்து மாத்தே என்ற பெயரில் தனியாக வளர்த்தார்கள். மூல நிரல் பூட்டிக் கிடக்கும் மென்பொருளில் இப்படிக் கோபித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போக முடியாது.

அப்புறம், நேயர்களில் யாராவது குறை எழுதுவதானால், இன்ன பட்டன் வேண்டும் என்பதோடு நிறுத்தாதீர்கள். என்ன வேலை செய்தீர்கள், எந்த இடத்தில் சிக்கியது என்று எழுதுங்கள். கிம்பின் குறைப்பதிவுப் பக்கம் கிட்லேப் என்ற நிரல் மேலாண்மைத் தளத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. வணக்கம்.