கன்டெய்னர் சாலையில் ரோடு பைக்: பஞ்சரைத் தாங்கும் டயரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வணக்கம். ரோடு பைக்குக்கு, அதாவது சாலையில் வேகமாக ஓட்டுவதற்கான மெல்லிய டயர் சைக்கிளுக்கு, எளிதில் பஞ்சர் ஆகாத டயரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றி மட்டும் இன்று பேசப் போகிறேன். மேசையின் மேல் சில டயர்களை எடுத்து வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றாகக் கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன்.

டயர் குறித்து நமக்குக் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை நம் சாலைகளை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை அல்ல. நான் பேசுவது காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரமாகச் செல்லும் விரைவுச் சாலை, மணலிச் சாலைகள், மாதவரம் 200 அடிச் சாலை, மீஞ்சூர் வழியாகப் பொன்னேரிக்குச் செல்லும் சாலை ஆகியவற்றில் வண்டி ஓட்டுகிறவர்களுக்காக. சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் போய்வரும் கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடும் சாலைகள் இவை. வேறு இடத்தில் பஞ்சர் என்றால் பத்து நிமிடம் வீணாகும், கையில் கறுப்பு படியும், அவ்வளவுதான். இங்கே விடியற்காலை இருட்டில், ஒதுங்கி நிற்கச் சரியான ஓரமே இல்லாத இடத்தில், லாரிகளுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து டியூப் மாற்ற வேண்டியிருக்கிறது. ஆகவே வட சென்னையில் டயர் தேர்வை வேகத்தை வைத்துத் தொடங்கக் கூடாது, வழியில் நிற்காமல் வீடு வந்து சேர்வதை வைத்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நம் டயரைத் துளைப்பது எது என்று முதலில் பார்ப்போம். கண்ணாடிச் சில்லும் ஆணியும் உண்டு; எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய பாதைகளில் சீமைக் கருவேல முள்ளும் உண்டு. ஆனால் லாரிச் சாலைகளில் இவற்றையெல்லாம்விடப் பெரிய தொல்லை, கண்ணுக்கு எளிதில் தென்படாத ஒரு மெல்லிய எஃகு இழை. லாரிகளின் ரேடியல் டயர்களுக்குள் எஃகுக் கம்பி இழைகளைப் பின்னி வைத்திருப்பார்கள். அந்த டயர் வெடித்தாலோ, அளவுக்கு மீறித் தேய்ந்து கிழிந்தாலோ, அந்த இழைகள் சிறு சிறு துண்டுகளாகச் சாலையில் சிதறி, ஓரத்தில் மணலோடு சேர்ந்து ஒதுங்குகின்றன. நாம் ஓட்டுவதும் அதே ஓரத்தில்தான்.

இந்த இழை குத்தியவுடன் காற்று இறங்கிவிடுவதில்லை. முதலில் ரப்பரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். 28 மில்லிமீட்டர் அகல டயர் போட்ட சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 470 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் சாலை அந்த இழையைச் சிறிது சிறிதாக உள்ளே தள்ளுகிறது. மணலியில் ஏறிய கம்பிக்கு மீஞ்சூர் தாண்டிய பிறகு காற்று இறங்கலாம். வீட்டுக்கு வந்து நிறுத்திய வண்டி மறுநாள் காலையில் தட்டையாக நிற்கலாம். டியூபை மட்டும் மாற்றிவிட்டுக் கம்பியை டயரிலேயே விட்டுவிட்டால், புது டியூபும் அதே இடத்தில் பஞ்சர் ஆகும்.

டயருக்குள் இருக்கும் பாதுகாப்பு இரண்டு வகைப்படும் என்பதால், இந்தக் கம்பியின் குணத்தை அறிந்துகொள்வது தேர்வுக்கு மிகவும் உதவும். முதல் வகை, சாலையைத் தொடும் ரப்பருக்கு அடியில் வெட்டுப்படாத துணிப்பட்டை ஒன்றை வைப்பது. இதோ, இந்தக் கான்டினென்டல் கிராண்ட் பிரி 5000 டயரில் இருப்பது வெக்ட்ரான் என்னும் இழையால் ஆன பட்டை. 1997-இல் செவ்வாய்க் கோளில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் காற்றுப்பைகளை இதே வகை இழையால்தான் நெய்தார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. கண்ணாடியின் கூரிய விளிம்பு வெட்டுவதை இந்தப் பட்டை நன்றாகத் தடுக்கிறது. ஆனால் முடி போன்ற எஃகு இழை எதையும் வெட்டுவதில்லை. நெய்த துணியில் ஊசி நுழைவதைப் போல, நூல்களை விலக்கிக்கொண்டு அது உள்ளே போய்விடுகிறது.

இரண்டாவது வகை, வெறும் தடிமனால் தடுப்பது. ஷ்வால்பே மாரத்தான் பிளஸ் டயருக்குள் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள, நெகிழும் ரப்பர் அடுக்கு ஒன்று இருக்கிறது. குத்திய கம்பியின் நீளம் அந்த அடுக்கைக் கடந்து டியூபைத் தொடப் போதாது என்பதே இதன் தந்திரம். கம்பிக்கு எதிராக இதைவிட நம்பகமான தடுப்பு வேறில்லை என்றே சொல்வேன். அதற்குக் கொடுக்கும் விலை எடை. கிராண்ட் பிரி 5000, 28 மில்லிமீட்டர் அளவில் கால் கிலோவுக்கும் குறைவு. மாரத்தான் பிளஸ் அதே அகலத்தில் முக்கால் கிலோவை நெருங்குகிறது. இரண்டையும் இரு கைகளில் தூக்கிப் பார்த்தாலே வேறுபாடு புரியும்.

எடையைவிட முக்கியமானது உருளும்போது டயர் விழுங்கும் சக்தி. சுழலும் உருளையின் மேல் மணிக்கு 29 கிலோமீட்டர் அளவிலான வேகத்தில் ஓட்டிச் சோதித்த முடிவுகளில், கிராண்ட் பிரி 5000 ஒரு டயருக்குச் சுமார் 10 வாட் எடுத்துக்கொள்கிறது. கான்டினென்டல் கேட்டர்ஸ்கின் போன்ற நெடுநாள் உழைக்கும் டயர்கள் அதைப்போல ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரையிலும், மாரத்தான் பிளஸ் இரண்டு மடங்குக்கு மேலும் எடுத்துக்கொள்கின்றன. இரண்டு சக்கரங்களுக்கும் கணக்குப் பார்த்தால், மணிக்கு 28 கிலோமீட்டரில் ஓட்டுகிறவர் கேட்டர்ஸ்கின் வகைக்கு மாறும்போது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வேகத்தை இழக்கலாம். எண்ணூர்ச் சாலையில் அந்த ஒரு கிலோமீட்டரை விட்டுக்கொடுப்பதில் எனக்குச் சிறிதும் தயக்கமில்லை.

ஆனால் ஈரச் சாலையில் பிடிப்பு என்று வரும்போது எனக்குத் தயக்கம் உண்டு. நெடுநாள் உழைப்பதற்காகக் கெட்டியாகச் செய்யப்பட்ட ரப்பர், நனைந்த சாலையில் வழுக்கும் இயல்புடையது. ஐப்பசி, கார்த்திகை மழையில், எண்ணெய் படிந்த மணலிச் சாலையின் வளைவுகளில் இது சிறிய விஷயமே அல்ல. மேலும், ஈரமான ரப்பரைக் கண்ணாடி எளிதாக வெட்டும் என்பதால், மழைக்காலத்தில்தான் பஞ்சரும் கூடுகிறது. இந்தக் காரணங்களால், ஆண்டு முழுவதும் ஒரே ஜோடி டயரில் ஓட்ட விரும்புகிறவர்களுக்குக் கான்டினென்டல் கிராண்ட் பிரி 4 சீசன் வகையை நான் முன்வைப்பேன். அதில் வெக்ட்ரான் பட்டை இரண்டடுக்காக இருக்கிறது, பக்கச் சுவர்களுக்கும் வலைத்துணிப் பாதுகாப்பு இருக்கிறது, ரப்பரும் ஈரத்துக்காகவே கலக்கப்பட்டது. தினமும் வேலைக்குச் செல்பவர், பையில் மடிக்கணினியோடு குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியவர் என்றால், மாரத்தான் பிளஸ் டயரையே போட்டுக்கொண்டு கவலையை விட்டுவிடலாம். கிராண்ட் பிரி 5000 போன்ற பந்தய டயரை, சக்கரம் இரண்டு ஜோடி வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு என்று தனியாக வைத்துக்கொள்ளட்டும்.

டயர் நம் பகுதிக்குப் புதிய பொருளல்ல. 1946-இல் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கிய மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரிதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். என்று உலகம் அறிந்த டயர் நிறுவனமாக வளர்ந்தது. அத்தகைய ஊரில் இருந்துகொண்டு ரோடு பைக்குக்கு மட்டும் வெளிநாட்டு டயர்களின் பெயரையே சொல்ல வேண்டியிருப்பதில் எனக்குச் சிறிய வருத்தம் உண்டு.

அகலத்துக்கு வருகிறேன். உங்கள் வண்டியின் ஃபோர்க்கிலும் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) பிரேக்கிலும் இடம் இருக்குமானால், 25-ஐ விட்டு 28 மில்லிமீட்டருக்கு மாறிவிடுங்கள். ரிம்மை, அதாவது சக்கர வளையத்தைப் பிடித்து நிறுத்தும் பழைய ரிம் பிரேக் வண்டிகள் சிலவற்றில் 28 நுழையாது. டயரைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். அகலம் கூடினால் காற்றழுத்தத்தைக் குறைக்கலாம். 70 கிலோ எடையுள்ளவர் 28 மில்லிமீட்டர் டயரில் பின்னால் 80, முன்னால் 75 பிஎஸ்ஐ என்ற அளவிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம். கல்லுப்போல் 110 வரை அடித்து ஓட்டும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அப்படி அடித்த டயர் சிறு கல்லின் மேலும் சில்லின் மேலும் வளைந்துகொடுக்காமல் குத்து வாங்குகிறது. மிகவும் குறைத்துவிட்டாலும் கேடுதான். பள்ளத்தில் இறங்கும்போது ரிம்முக்கும் சாலைக்கும் இடையில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்த தடம்போல் அருகருகே இரண்டு ஓட்டைகள் விழும். அப்படி இரட்டை ஓட்டையைப் பார்த்தால் டயரைக் குறை சொல்லாதீர்கள், காற்று போதவில்லை என்று பொருள்.

கடையில் அட்டைப்பெட்டியைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கெவ்லார் (ஒரு வலுவான செயற்கை இழை) என்று பெரிதாக எழுதியிருப்பது பல டயர்களில் பஞ்சர் பட்டையைக் குறிப்பதில்லை. ரிம்மில் உட்காரும் ஓரத்தில் எஃகுக் கம்பிக்குப் பதிலாக அந்த இழையைப் போட்டிருக்கிறார்கள் என்பதையே குறிக்கிறது. அதனால் டயரை மடிக்கலாம், எடை குறையும். பஞ்சருக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஓர் அங்குலத்துக்கு எத்தனை நூல் என்று சொல்லும் டிபிஐ எண்ணும் அப்படித்தான். எண் கூடக் கூட நூல் மெலிந்து டயர் இதமாக உருளும். அது வலிமையின் அளவு அல்ல. சில நிறுவனங்கள் மூன்று அடுக்குகளைக் கூட்டி 330 என்று எழுதுகின்றன, அதாவது அடுக்குக்கு 110.

டியூப்லெஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முள்ளுக்கும் மெல்லிய கம்பிக்கும் டயருக்குள் ஊற்றும் சீலன்ட் என்னும் ஓட்டை அடைக்கும் திரவம் மிக நல்ல மருந்து. ஓட்டை விழுந்ததே தெரியாமல் அடைத்துவிடும். ஆனால் நம் வெயிலில் அது விரைவாக உலர்ந்துவிடுவதால், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து நிரப்ப வேண்டும். ரிம்மும் அதற்கென்று செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். இந்தப் பராமரிப்பைத் தவறாமல் செய்யக்கூடியவர்கள் தாராளமாகப் போடலாம். டயருக்கும் டியூபுக்கும் நடுவில் வைக்கும் பிளாஸ்டிக் பட்டையை நான் பரிந்துரைப்பதில்லை. ரோடு பைக்கின் உயர் அழுத்தத்தில் அதன் ஓரமே நாளடைவில் டியூபை உராய்ந்து ஓட்டையாக்கலாம்.

எந்த டயரானாலும் தேய்ந்தால் பாதுகாப்பு குறையும். மேல் ரப்பர் மெலிந்த அளவுக்குக் கம்பி கடக்க வேண்டிய தூரமும் குறைகிறது. கான்டினென்டல் டயர்களில் மேற்பரப்பில் இரண்டு சிறு குழிகள் இருக்கும். அவை மறைந்ததும், நடுப்பகுதி தட்டையாகத் தெரியத் தொடங்கியதும், டயரை மாற்றிவிட வேண்டும். பின் டயர் அதிக எடையைத் தாங்குவதால் முதலில் தேய்வதும் அதிகம் பஞ்சர் ஆவதும் அதுதான். மாற்றும்போது புது டயரை முன்சக்கரத்தில் போட்டு, முன்னால் இருந்ததைப் பின்னுக்குக் கொண்டுபோங்கள். முன்சக்கரத்தில் திடீரென்று காற்று இறங்கினால் வண்டியைக் கட்டுப்படுத்துவது கடினம் என்பதால், நல்ல டயர் எப்போதும் முன்னால்தான் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு பயணம் முடிந்ததும் சக்கரத்தை மெல்லச் சுற்றி டயரைத் துடைத்துப் பாருங்கள். வெட்டுக்குள் மின்னும் சில்லோ கம்பியோ தெரிந்தால், சிறு இடுக்கியால் அன்றைக்கே பிடுங்கிவிடுங்கள். டயர் மாட்டும்போது அதன் பெயர் அச்சிட்ட இடம் வால்வுக்கு நேராக இருக்குமாறு மாட்டுங்கள். டியூபில் ஓட்டை கிடைத்ததும், வால்விலிருந்து அதே தூரத்தில் டயரைத் தேடினால் கம்பி அகப்படும். உள்பக்கத்தைத் தடவிப் பார்க்க விரலுக்குப் பதிலாகப் பஞ்சைப் பயன்படுத்துங்கள். கம்பி இருக்கும் இடத்தில் பஞ்சு சிக்கும், விரலும் கிழியாது.

வழியில் பஞ்சர் கடையை நம்பிப் புறப்படுகிறவர்கள், ரோடு பைக் டியூபில் இருக்கும் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு ஏற்ற சிறு பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். லாரிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் காற்றடிக்கும் குழாய் அது இல்லாமல் நம் வால்வில் பொருந்தாது. கூடவே பழைய டயரிலிருந்து வெட்டிய இரண்டு அங்குலத் துண்டு ஒன்றும் இருக்கட்டும். பக்கச் சுவர் கிழிந்தால், அதை உள்ளே வைத்து, காற்றை வழக்கத்தைவிடக் குறைவாக அடித்து, மெதுவாக வீட்டுக்கு ஓட்டி வந்துவிடலாம். வந்த பிறகு அந்த டயரை மறுபடி சாலைக்கு எடுத்துப் போகாதீர்கள்.