கரையைச் சுத்தம் செய்துவிடாதீர்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

ஊருக்கு வெளியே, ஏரியையோ ஆற்றையோ ஒட்டிக் கொஞ்சம் நிலம், அதில் ஒரு வீடு. வசந்த காலம். சனி, ஞாயிறு இரண்டு நாள் கையில் இருக்கிறது. பறவை பார்க்க வேண்டும், என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டால், தண்ணீர் ஓரமாக ஓர் இடம் பார்த்து உட்காருங்கள், எழுந்து நடக்காதீர்கள் என்பேன். கூடவே, அந்த நிலம் உங்களுடையது என்றால் கரையைச் சுத்தம் செய்துவிடாதீர்கள் என்றும் சொல்வேன். முதலாவதைச் செய்தவர்களுக்கு இரண்டாவதன் காரணம் தானாக விளங்கிவிடும்.

உட்காருவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. விடிவதற்கு முன்பே போய்விட வேண்டும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். பைனாகுலர் எட்டு மடங்கு போதும். அதற்கு மேல் போனால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். நடந்துகொண்டே பார்ப்பவருக்குப் பெரும்பாலும் பறந்து போகிற பறவையின் முதுகுதான் கிடைக்கும். அரைமணி நேரம் அசையாமல் இருந்து பாருங்கள். நாணலுக்குள் ஒதுங்கியிருந்த நாமக்கோழி, தன் வெள்ளை நெற்றியை ஆட்டிக்கொண்டு தானே வெளியே வரும்.

இப்படி உட்கார்ந்து பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜூலியன் ஹக்ஸ்லி. பிற்காலத்தில் யுனெஸ்கோவின் முதல் தலைமை இயக்குநராக இருந்தவர். 1912-ஆம் ஆண்டு வசந்தத்தில், இங்கிலாந்தின் டிரிங் நீர்த்தேக்கக் கரையில் விடுமுறையைக் கழித்தார். கையில் ஒரு நோட்டு, கண்ணில் ஒரு தொலைநோக்கி. பார்த்தது ஒரே ஒரு பறவை இனத்தை, கொண்டை முக்குளிப்பானை. அவர் 1914-இல் வெளியிட்ட கட்டுரை, விலங்குகளின் நடத்தையை ஆராயும் துறைக்கே முன்னோடிகளில் ஒன்றாகிவிட்டது. ஒரு விடுமுறையில் கிடைத்த செல்வம் அது!

அவர் பார்த்ததை நீங்களும் பார்க்கலாம். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பல ஏரிகளில் இந்தப் பறவை உண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி கொண்டை, கன்னத்தைச் சுற்றி ஒரே மாதிரி செம்பழுப்பு இறகு விசிறி. இரண்டும் நேருக்கு நேர் வந்து நின்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டும். ஆட்டி முடித்து, மெதுவாக மூழ்கும். எழும்போது இரண்டின் அலகிலும் நீர்ப்பூண்டு தொங்கும். ஒன்றை நோக்கி ஒன்று நீந்தி வந்து, நெஞ்சோடு நெஞ்சு வைத்து, காலால் தண்ணீரை உதைத்தபடி நிமிர்ந்து எழும். சில நொடிகள்தான். அப்புறம் எதுவுமே நடக்காத மாதிரி பிரிந்து போகும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

கூட்டைக் கட்டுவதும் அதே பூண்டிலும் நாணலிலும்தான். நாணல் ஓரத்தில் மிதக்கிற ஈரக் குப்பை மாதிரி கிடக்கும். ஆள் நெருங்கினால் அடைகாக்கும் பறவை ஈரச் செடிகளை இழுத்து அவசரமாக முட்டைகளின் மேல் போட்டு மூடிவிட்டு நழுவிப் போகும். அதைப் பார்த்துவிட்டீர்கள் என்றால், எல்லை தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். உடனே பின்வாங்க வேண்டும். குஞ்சு பொரித்தபின் பார்த்தால், முகத்தில் வரிவரியாகக் கோடு போட்ட குஞ்சுகள் தாய் தகப்பன் முதுகில் ஏறிச் சவாரி போகும். குஞ்சுக்கு மீனோடு தன் இறகையும் ஊட்டும். வயிற்றில் மீன்முள் குத்தாமல் இருக்க அது உதவுகிறது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

அந்த இறகுக்காகவே மனிதர்கள் இதைக் கொன்றார்கள். 19-ஆம் நூற்றாண்டில் தொப்பிக்கும் மேலாடைக்கும் இதன் தோல் போனது. 1860 வாக்கில் பிரிட்டன் முழுவதும் ஐம்பது ஜோடிகூட மிஞ்சவில்லை. 1889-இல் மான்செஸ்டர் அருகே டிட்ஸ்பரியில் எமிலி வில்லியம்சன் என்ற பெண்மணி, இறகு அணிய மாட்டோம் என்று பெண்களைத் திரட்டி ஒரு சங்கம் தொடங்கினார். இன்று பிரிட்டனின் மிகப் பெரிய பறவைப் பாதுகாப்பு அமைப்பாக நிற்பது அதுதான். இன்று இறகுக்காக யாரும் சுடுவதில்லை. நாணலை வெட்டிக் கரையை மழித்துவிடுகிறோம். கூடு கட்ட இடமில்லாத பறவைக்கு இரண்டும் ஒன்றுதான்.

மீன்கொத்திக்கு நாணல் முக்கியமில்லை, செங்குத்தான மண்கரை வேண்டும். அதைக் குடைந்துதான் முட்டையிடும். வசந்தத்தில் அதன் வாயில் இருக்கும் மீனைக் கவனியுங்கள். மீனின் தலை தன் தொண்டைப் பக்கம் இருந்தால் தனக்கு. தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இணைக்கோ குஞ்சுக்கோ. வாங்குகிறவர் தலைப்பக்கமாக விழுங்க வசதியாகத் திருப்பிப் பிடித்திருக்கிறது. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால், அது போகிற திசையில் பொந்து இருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊகித்துவிடலாம். கரைக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பினால் பொந்துக்கு இடமில்லை. மீன் எவ்வளவு இருந்தும் பிரயோஜனம் இல்லை.

பறவை அமைதியான நேரத்தில், பக்கத்தில் இருக்கும் நாணல் தண்டைப் பாருங்கள். மாதக்கணக்கில், சில இனங்கள் வருடக்கணக்கில், தண்ணீருக்கடியில் வாழ்ந்த இளம் தட்டான் அதில் ஏறி வந்திருக்கும். முதுகுத் தோல் வெடிக்கும். தலையும் மார்பும் கால்களும் வெளியே வந்து, தலைகீழாகச் சாய்ந்து கொஞ்ச நேரம் சும்மா தொங்கும். கால் உறுதிப்பட்டதும் எழும்பித் தோலைப் பிடித்துக்கொண்டு வாலை உருவும். கசங்கிக் கிடந்த சிறகு மெல்ல நீளும். அது பறந்து போனபின், காலியான தோலைக் கிட்டப் போய்ப் பாருங்கள். உள்ளேயிருந்து வெள்ளை நூல் நூலாகத் தொங்கும். மூச்சுக்குழல்களின் உட்தோல் அது. நிமிர்ந்து நிற்கும் ஒரு தண்டு இல்லாவிட்டால் இந்த வேலை நடக்காது.

சேறும் அப்படித்தான். 2007 மார்ச்சில், டிரான்ஸ்மிட்டர் பொருத்தப்பட்ட பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவையின் பெண் ஒன்று நியூசிலாந்திலிருந்து கிளம்பி, பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் எங்கும் இறங்காமல் பறந்து, சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவில் உள்ள மஞ்சள் கடலின் சேற்றுக்கரையில் இறங்கியது. அங்கே தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டு, மே மாதம் அலாஸ்கா போய்ச் சேர்ந்தது. உங்கள் ஏரியோரச் சேற்றில் குத்திக் குத்தி மேயும் உள்ளானும் ஏதோ ஒரு நெடும்பயணத்தின் நடுவில்தான் இருக்கிறது. தகைவிலான் கூடு கட்ட உருண்டை உருண்டையாக அள்ளுவதும் அந்தச் சேற்றைத்தான்.

சரி, நிலம் வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியது என்ன? புல்வெட்டியைத் தண்ணீர் வரை கொண்டுபோகாதீர்கள். சில மீட்டர் முன்பே நிறுத்திவிடுங்கள். படகு இறக்க ஒரே ஒரு வழி போதும், மற்றக் கரையை அதன் போக்கில் விடுங்கள். பட்டமரம் வீட்டின் மேல் விழும் நிலையில் இல்லை என்றால் அங்கேயே நிற்கட்டும். நாணலை வெட்டியே ஆக வேண்டும் என்றால், குஞ்சுகள் எல்லாம் வெளியேறியபின் ஒரு பகுதியை மட்டும் வெட்டுங்கள், மறுவருடம் வேறு பகுதி. போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். எல்லைக்கு யாரோ வந்துவிட்டார் என்று அடைகாக்கும் வேலையை விட்டுச் சண்டைக்கு வரும், பாவம்.

ஞாயிறு மாலை கிளம்புமுன் பார்த்ததை எல்லாம் தேதி, நேரத்தோடு எழுதி, உலகெங்கும் பறவை பார்ப்பவர்களின் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் இபேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றுங்கள். சாதாரண நாமக்கோழியையும் விடாதீர்கள். சாதாரணமானது குறைவதைத்தான் நாம் கடைசியில் கவனிக்கிறோம். கூடு இருக்கும் சரியான இடத்தை மட்டும் எங்கேயும் எழுத வேண்டாம்.

நன்றி. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.