வைன் பாட்டில்: பூட்டி வைக்கவா, திறந்து குடிக்கவா?

[திரையில்: ஒரே மாதிரி இரண்டு பாட்டில்கள்]

இந்த இரண்டையும் பாருங்கள். ஒரே தோட்டம், ஒரே அறுவடை வருடம், ஒரே லேபிள். இடது பக்கத்து பாட்டில் பத்து வருடமாக ஒருவர் வீட்டு அலமாரியில் இருந்தது, வலது பக்கத்து பாட்டில் கிடங்கை விட்டு வெளியே வந்ததே கிடையாது. விற்கப் போனால் அலமாரி பாட்டிலுக்கு விலை குறைவுதான், உள்ளே இருப்பது அச்சு அசலாக அதே வைனாக இருந்தாலும் சரி. வாங்குகிறவர் காசு கொடுப்பது வைனுக்கு மட்டும் அல்ல, சுமார் 12 டிகிரியில், வெளிச்சம் படாமல், கார்க் காயாதபடி படுக்க வைத்து அது வளர்ந்தது என்ற அத்தாட்சிக்கும் சேர்த்துத்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடையில் கிடைக்கும் வைனில் பெரும்பாலானவை ஓரிரு வருடத்தில் குடித்துவிடுவதற்காகவே செய்தவை. முதலீடு என்று பேசுவதெல்லாம் ஒரு சிறு கூட்டத்தைப் பற்றித்தான்: பிரான்ஸின் போர்டோ பகுதியில் முதல் வரிசைத் தோட்டங்கள் என்று தரம் பிரிக்கப்பட்ட லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன், 1973-இல் அந்த வரிசைக்கு ஏற்றப்பட்ட மூத்தோன், அதே நாட்டின் பர்கண்டி பகுதியில் சில தோட்டங்கள், இன்னும் கொஞ்சம். இவற்றின் விலை ஏன் ஏறுகிறது? ஒரு வருடத்து வைனை மறுபடி தயாரிக்க முடியாது. யாரோ ஒருவர் தன் மகள் கல்யாணத்துக்கு ஒன்றைத் திறக்கும்போதெல்லாம் உலகத்தில் ஒரு பாட்டில் குறைகிறது. அதாவது முதலீட்டாளருக்கு லாபம் சம்பாதித்துக் கொடுப்பதே குடிப்பவர்தான், எல்லோரும் பூட்டியே வைத்தால் சரக்கு அப்படியே இருக்கும்.

[திரையில்: கணக்கு]

இப்போது கணக்கு. 12 பாட்டில் பெட்டி ஒன்றை 1,000 பவுண்டுக்கு வாங்கி, பத்து வருடம் கழித்து 1,500-க்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். ஐம்பது சதவீதம், கேட்கவே நன்றாக இருக்கிறது! கிடங்கு வாடகையும் காப்பீடும் வருடத்துக்கு 15 பவுண்டு என்றால் 150 போச்சு. விற்றுக் கொடுப்பவர் கமிஷன் பத்து சதவீதம், இன்னொரு 150. மிச்சம் 200 பவுண்டு லாபம், கூட்டு வட்டிக் கணக்கில் வருடத்துக்கு இரண்டு சதவீதம்கூட இல்லை. நடுவில் வட்டியும் வராது, டிவிடெண்டும் வராது.

அப்புறம் சந்தையின் மனநிலை. 2008-இல் ஹாங்காங் வைன் வரியை நீக்கியது, சீனப் பணம் லஃபீத் பக்கம் பாய்ந்தது. 2008-ஆம் வருடத்து பாட்டிலில் எட்டு என்ற சீன எழுத்தைப் பொறிக்கப் போகிறோம் என்று 2010-இல் லஃபீத் அறிவித்ததும் விலை எகிறியது. எட்டு அங்கே அதிர்ஷ்ட எண். வைனில் ஒரு சொட்டுகூட மாறவில்லை, கவனியுங்கள். 2011 நடுவில் காற்று திரும்பியது, அடுத்த சில வருடங்கள் இறங்குமுகம்தான்.

போலிகள் வேறு. 2008-இல் நியூயார்க்கில் ஓர் ஏலத்துக்கு பர்கண்டியின் போன்சோ தோட்டத்து குளோ சான்-தெனி என்ற வைன் பாட்டில்கள் வந்தன, 1945 முதல் 1971 வரையிலான வருடங்கள் போட்டு. அந்தத் தோட்டமோ அந்த வைனைத் தயாரிக்கத் தொடங்கியதே 1980-களில்தான்! தோட்டத்துக்காரர் லாரன்ட் போன்சோ தடுத்ததால் அவை ஏலத்திலிருந்து விலக்கப்பட்டன. அவற்றைக் கொண்டுவந்த வைன் வியாபாரி ரூடி குர்னியவானுக்கு மோசடிக்காக 2014-இல் பத்து வருடச் சிறை.

"விலை விழுந்தால் குடித்துவிடலாமே" என்று ஓர் ஆறுதல் சொல்வார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. முதலீட்டுப் பெட்டி பெரும்பாலும் வரி கட்டாத பாண்டட் கிடங்கில் இருக்கும், வீட்டுக்குக் கொண்டுவர வரியைக் கட்டியாக வேண்டும். அதோடு, விலைப் பட்டியலைப் பார்த்து வாங்கிய வைன் உங்களுக்குப் பிடிக்குமா என்பதே தெரியாது.

இங்கிலாந்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு: இரண்டு பெட்டி வாங்கி, விலை ஏறியதும் ஒன்றை விற்று, அந்தக் காசில் மற்றதைக் குடிப்பது. முதல் விலை, அதாவது வைன் பீப்பாயில் இருக்கும்போதே கேட்கும் விலை, மலிவாக இருந்த காலத்தில் இது நன்றாக ஓடியது. அந்த விலை ஏறிவிட்ட பிறகு கணக்கு அடிக்கடி இடிக்கிறது.

குடிப்பதற்கென்றால் ஒரே வைனில் ஆறு பாட்டில் வாங்குங்கள், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒன்றாகத் திறங்கள். ஊதா கலந்த சிவப்பு மெல்லச் செங்கல் நிறமாவதும், நாக்கைப் பிடித்து இழுத்த துவர்ப்பு அடங்குவதும் அப்போதுதான் பிடிபடும். நாலாவது பாட்டிலில் உச்சத்தைத் தாண்டிவிட்டது தெரிந்தால் மிச்சம் இரண்டையும் அந்த மாதமே முடித்துவிடுங்கள்.

[திரையில்: அலமாரி பாட்டில், நிமிர்ந்து நிற்கிறது]

இதை நாளைக்குத் திறக்கப் போகிறேன். நேற்றே நிமிர்த்தி வைத்துவிட்டேன், கசடு அடியில் படியட்டும்.