தொட்டி சின்னது, மீன் எது?

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் வைக்கிற சின்னத் தொட்டிக்கு எந்த மீன் தோதுப்படும் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். வழக்கமாக என்னிடம் இதைக் கேட்பவர்கள், தொட்டியையும் வாங்கி மீனையும் விட்ட பிறகுதான் கேட்பார்கள். வாங்காதவர்கள் காதிலும் விழும் என்பதால் இந்த வாய்ப்பை நான் விடவில்லை.

சின்னத் தொட்டி என்றால் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். விளிம்பு வரை ஊற்றினால் 56 லிட்டர். மணலும் கல்லும் போட்டு, மேலே நாலு விரல் காலி விட்டால் 45 லிட்டர் வந்தால் அதிகம். குளியலறை வாளியில் சொன்னால் மூன்று வாளி. இந்த மூன்று வாளியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று நான் எதைச் சொன்னாலும் அங்கேதான் வந்து நிற்பேன்.

சென்னைக்காரர்களுக்குக் கொளத்தூர் தெரிந்திருக்கும். வண்ணமீன் வளர்ப்பும் வியாபாரமும் அங்கே வரிசையாக நடக்கிறது. போய்ப் பார்த்தால் எல்லா மீனும் விரல் நீளத்தில் இருக்கும். ஏன் தெரியுமா? பாதிக்கு மேல் குஞ்சுகள். 'ஷார்க்' என்று சொல்லி ஒன்றை விற்கிறார்கள். அது சுறாவே இல்லை, மெக்கோங் ஆற்றுக் கெளுத்தி வகை. ஓட்டலில் பாசா என்று பொரித்துத் தருகிறார்களே, அதே மீன்தான்! ஆற்றில் ஒரு மீட்டருக்கு மேல் வளரும். ஆஸ்கர் ஓரடி வளரும். கோல்டு ஃபிஷ்கூட ஒழுங்காகக் கவனித்தால் ஒரு சாண் தாண்டும், பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். அதைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு மேசையில் வைக்கிறோம். அதனால் கடைக்காரரிடம் விலையைக் கேட்கும் முன்பு, "இது எவ்வளவு பெருசாகும்?" என்று கேளுங்கள்.

இந்த இடத்தில் சக்கர் மீனைப் பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. 'டேங்க் கிளீனர்' என்று கையில் திணிப்பார்களே, கறுப்பாக, கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு கிடக்குமே, அதுதான். எங்கள் தெருவில் ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். அந்த வீட்டுப் பாட்டிதான் முதலில் புகார் சொன்னார்: "தம்பி, ராத்திரி முழுக்க இது கல்லை உருட்டுது, தூக்கமே இல்லை." போய்ப் பார்த்தேன். இரண்டடித் தொட்டியில் முழங்கை நீளத்துக்கு ஒரு சக்கர். திரும்ப வேண்டுமானால் வாலை மடக்கித்தான் திரும்ப வேண்டும். உடம்பெல்லாம் எலும்புத் தகடு, தொட்டால் உப்புத்தாள் மாதிரி சுரசுரப்பு. கண்ணை உள்ளே உருட்டி உருட்டி எடுக்கும், அது கண்ணடிக்கிறது என்று வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே குஷி. தொட்டியில் செடி என்று ஒன்றும் மிச்சமில்லை.

வாங்கும்போது இரண்டு அங்குலம்தான் இருந்ததாம். "தொட்டியைச் சுத்தம் பண்ணும்னு சொன்னாங்க சார்" என்றார் வீட்டுக்காரர். நேயர்களே, இதை அழுத்திச் சொல்கிறேன். சக்கர் பாசியைத் தின்னும், சரி. மற்ற மீன்களின் கழிவை அது தின்னாது. அது போடுகிற கழிவுதான் மற்றதை எல்லாம்விட அதிகம். மூன்று வாளித் தண்ணீரில்!

அப்புறம் அவர் கேட்டாரே ஒரு கேள்வி: "இரட்டை ஏரி பக்கத்துலதானே இருக்கு, விட்டுடட்டுமா?" நல்ல மனசோடுதான் கேட்டார். ஆனால் இது தென் அமெரிக்க மீன். நம் ஊர் நீர்நிலைகளில் அதைப் பிடித்துத் தின்ன அநேகமாக எதுவும் இல்லை. கரையில் வளை தோண்டி முட்டையிடும், கரை சரியும். மீனவர் வலையில் சிக்கினால் முள் வலையைக் கிழிக்கும். தமிழ்நாடு, ஆந்திரா, கேரளா என்று எங்கும் பரவிவிட்டது. இத்தனையும் யாரோ தொட்டியிலிருந்து விட்டதில் தொடங்கியதுதான். கடைசியில் பெரிய தொட்டி வைத்திருக்கும் ஒரு கடைக்காரர் அதை வாங்கிக்கொண்டார். பல கடைகளில் அப்படித் திரும்ப எடுப்பார்கள், கேட்டுப் பாருங்கள். ஏரியில் மட்டும் விடாதீர்கள். கண்ணாடியில் பாசி பிடித்தால் பழைய ஏ.டி.எம். அட்டையால் வழித்துவிடுங்கள், போதும்.

சரி, எந்த மீன் வாங்கலாம்? முதலில் உங்கள் குழாயைப் பாருங்கள். போர் தண்ணீரில் வாளியும் கெய்சரும் வெள்ளை பூக்கிறதா? அது கடின நீர். மனிதர்கள் திட்டுவார்கள், கப்பிக்கும் மோலிக்கும் பிளாட்டிக்கும் அதுதான் பிடிக்கும். நியான் டெட்ராவோ அமேசான் பக்கத்து மென்மையான நீர்க்காரன். அவனுக்காகக் கேன் தண்ணீர் வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குழாய்க்கு ஏற்ற மீனை வாங்கினால் அந்தச் செலவு மிச்சம். மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சொட்டுகளைக் கலந்துவிட்டு ஊற்றுங்கள்.

கப்பியில் ஒரு சங்கதி. நாலு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். ஆண் மீனைப் பிரித்து வைத்தாலும் பெண் மீன் பல மாதம் போட்டுக்கொண்டே இருக்கும். ஆணின் விந்தை உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். எனவே ஆண் கப்பி மட்டும் வாங்குங்கள், நிறமும் அதற்குத்தான். ஓடி விளையாடுவதைப் பார்க்க ஆசையா? ஜீப்ரா டேனியோ ஆறேழு விடுங்கள். நம் துணைக்கண்டத்து மீன், கூட்டமாக இருந்தால்தான் தைரியமாகத் திரியும். ஃபைட்டர் பிடிக்குமென்றால் ஆண் ஒன்றே ஒன்று. மேலே வந்து காற்றையும் குடிக்கும் மீன் என்பதால் ஏப்ரல், மே வெயிலைச் சமாளித்துவிடும். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும், கோல்டு ஃபிஷ் கோடையில் திணறுவது அதனாலும்தான்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் விடாதீர்கள். மீன் வெளியேற்றும் அம்மோனியா மீனுக்கே விஷம். அதை மாற்றுகிற பாக்டீரியா ஃபில்டர் பஞ்சில் குடியேற வாரக்கணக்காகும். முதலில் இரண்டு மூன்று மீன், பிறகு மெல்ல மெல்ல. திரும்பச் சொல்கிறேன், மூன்று வாளித் தண்ணீர்தான்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நேரமாகிறது என்று கையைக் காட்டுகிறார்கள். தீனி பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன். சுருக்கமாக: இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவு, நாளுக்கு ஒரு தடவை. வாரம் ஒரு முறை கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். பஞ்சைக் குழாயில் கழுவாமல் எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். நாலு நாள் ஊருக்குப் போனால் வளர்ந்த மீன் பட்டினி தாங்கும், பக்கத்து வீட்டுக்காரரிடம் தீனி டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். வணக்கம்.