புதுச் சாமான் போட்ட பிறகு தானாக ரீஸ்டார்ட் ஆகும் கம்ப்யூட்டர்

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டிலிருக்கும் கம்ப்யூட்டருக்குப் புதிதாக ராம் போடுகிறோம், கிராபிக்ஸ் கார்டு போடுகிறோம், சிலர் மதர்போர்டையே மாற்றுகிறோம். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. பழைய பிராசஸர்கள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அதனால் கேபினெட்டையும், உள்ளிருக்கும் சாமான்களுக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியையும் அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பதை மட்டும் மாற்றிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். இரண்டு நாள் நன்றாக ஓடும். அப்புறம் பிள்ளைகள் கேம் விளையாடும்போதோ, கல்யாண வீடியோ எடிட் செய்யும்போதோ திரை சட்டென்று இருண்டு, கம்ப்யூட்டர் தானாகவே முதலிலிருந்து தொடங்கும்.

பழுது பார்க்கக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் தீர்ப்பையும் கூடவே கொண்டுவருகிறார்கள். "அண்ணே, புதுசா போட்ட கார்டு கேடு, மாத்திக் கேக்கணும்" என்பார் ஒருவர். "வைரஸ்தான், பார்மேட் அடிச்சுத் தாங்க" என்பார் இன்னொருவர். பார்மேட் அடித்தால் போவது குடும்பப் போட்டோக்கள்தான், கோளாறு அங்கேயே இருக்கும். சாமான் மாற்றிய பிறகு தொடங்கிய ரீஸ்டார்ட் என்றால் என் முதல் சந்தேகம் கரண்ட் மேல்தான். புதுச் சாமான் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்பதில்லை. அது கேட்கிற மின்சாரத்தைப் பழைய எஸ்எம்பிஎஸ்ஸால் கொடுக்க முடியாமல் இருக்கலாம்.

அதற்கு முன் ஒன்று பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் எந்த விதமாக அணைகிறது? கோளாறைச் சொல்லும் நீலத் திரை (புதிய விண்டோஸ் 11இல் அது கறுப்பு) வந்து அணைகிறதா, ஒன்றுமே காட்டாமல் டப்பென்று போகிறதா? நீலத் திரை வந்தாலும் நம் கண்ணுக்குப் படாமல் போகலாம். ஏனென்றால் கோளாறு வந்ததும் தானாக ரீஸ்டார்ட் செய்யும்படிதான் விண்டோஸில் முதலிலேயே அமைத்திருக்கிறார்கள். சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய், ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி என்பதற்குள் ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட் என்று இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை நீலத் திரை வந்தால் அப்படியே நிற்கும். அதிலுள்ள எழுத்துகளைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். நீலத் திரை என்றால் ராம், அல்லது சாமான்களை இயக்கும் டிரைவர் மென்பொருள் பக்கம் தேடலாம். அதுவே இல்லாமல், பிளக்கைப் பிடுங்கியதுபோல் போகிறது என்றால் மின்சாரம் அல்லது சூடு.

விண்டோஸ் தன் கோளாறுகளைப் பதிந்துவைக்கும் ஈவன்ட் வியூவரைத் திறந்து பார்க்கிறவர்களுக்குக் கர்னல் பவர் 41 என்ற பதிவு சிவப்பில் தெரியும். அதைப் பார்த்துப் பலர் பயந்துபோகிறார்கள். முறையாக ஷட்டவுன் ஆகாமல் கம்ப்யூட்டர் நின்றுபோனது என்பதுதான் அதற்குப் பொருள். காரணத்தை அது சொல்லாது. நாம் சுவிட்சைத் தெரியாமல் அணைத்தாலும் அதே 41தான் வரும். ஆனால் அதே நேரத்தில் டபிள்யூஎச்இஏ லாகர் என்று இன்னொரு பதிவு இருந்தால் கவனியுங்கள். பிராசஸர், மதர்போர்டு, கார்டு என்று ஹார்டுவேரிலிருந்தே வந்த புகார் அது.

சரி, எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வருவோம். கிராபிக்ஸ் கார்டு செருகும் ஸ்லாட் வழியாகக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் தனி ஒயர் கொடுக்க வேண்டும். 6 பின் ஒயருக்கு 75 வாட், 8 பின் ஒயருக்கு 150 வாட் என்பது கணக்கு. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டை எடுத்துக்கொண்டால், அது மட்டுமே 170 வாட் இழுக்கும். அதற்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று அந்தக் கம்பெனியே சொல்கிறது. கேபினெட் வாங்கும்போது கூடவே வருகிற எஸ்எம்பிஎஸ்ஸிலும் 450, 500 என்று ஸ்டிக்கர் இருக்கும். அந்த எண்ணை நம்பாதீர்கள். ஸ்டிக்கரிலேயே 12 வோல்ட் என்று ஒரு வரிசை இருக்கும், அதில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அந்த எண்ணை 12ஆல் பெருக்கினால் கார்டுக்கும் பிராசஸருக்கும் உண்மையில் எத்தனை வாட் கிடைக்கும் என்பது தெரிந்துவிடும். 18 ஆம்பியர் என்றிருந்தால் 216 வாட். அதில் 170ஐக் கார்டு எடுத்துக்கொண்டால் பிராசஸர் எதை எடுக்கும்?

கூகுள் பார்க்கும்போது, சினிமா பார்க்கும்போது ஒன்றும் ஆகாது. கேம் திறந்ததும் போய்விடும். கார்டு சில மில்லிவினாடிகளுக்குத் தன் அளவைத் தாண்டியும் இழுக்கும். அந்த நொடியில் எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. பாதுகாப்பு இருக்கிற எஸ்எம்பிஎஸ் அணையும், இல்லாதது புகையும். எஸ்எம்பிஎஸ்ஸின் மோலெக்ஸ் என்ற நான்கு பின் இணைப்பிலிருந்து எடுத்துக் கார்டுக்குக் கொடுக்கும் கன்வெர்ட்டர் ஒயர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. பெரிய கார்டுக்கு அதைப் போடாதீர்கள் என்பது என் கண்டிப்பான கருத்து. ஒயர் உருகிக் கருத்துப்போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது யுபிஎஸ். தக்கலைப் பக்கமிருந்து ஒரு அக்கா வந்து சொன்னார்: "பயலுக்க கம்ப்யூட்டரு பகலெல்லாம் நல்லா ஓடுது. கரண்ட் போனா மட்டும் யுபிஎஸ் இருந்தும் அணைஞ்சிருது." பையன் பெரிய கார்டு போட்டிருந்தான், யுபிஎஸ் பழையது. 600 விஏ என்று எழுதியிருக்கும் யுபிஎஸ் தாங்குவது பொதுவாக 360 வாட் அளவுதான். கரண்ட் இருக்கும்வரை சுமை லைனில் போகும், தெரியாது. கரண்ட் போன நொடியில் மொத்தச் சுமையும் அந்தச் சின்னப் பெட்டி மேல் விழும். பேட்டரியும் பழசாகியிருந்தால் கேட்கவே வேண்டாம். இன்னொன்று, ஆக்டிவ் பிஎஃப்சி என்ற, மின்சாரத்தைச் சீராக இழுக்கும் வசதி உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ்கள் சில, மலிவான யுபிஎஸ் தரும் சதுர அலை மின்சாரத்தோடு ஒத்துப்போகாமல் அணைந்துவிடும். நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்கிய பிறகுதான் இந்தத் தொல்லையே தொடங்கியது என்று யாராவது சொன்னால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். வீட்டு இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டரை ஓட்டுகிறவர்கள், அதன் பின்னால் யுபிஎஸ் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதைத் தள்ளி வையுங்கள். கரண்டிலிருந்து பேட்டரிக்கு அது வேகமாக மாறும்.

சாயங்காலம் மட்டும், அல்லது கிணற்று மோட்டார் போடும்போது மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறதா? அப்படியென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வோல்டேஜைப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட், கூடவோ குறையவோ 6 சதவீதம் போகலாம். அப்படியே எர்த் சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுள்ளென்று இருந்தால் எர்த் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ராம் விஷயம் எளிது. பழைய ராமோடு வேறு வேகமுள்ள புதிய ராமைச் சேர்த்தால் சில நேரம் ஒத்துப்போகாது. புதியதை மட்டும் போட்டு ஒரு நாள், பழையதை மட்டும் போட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில், ராமை அதிக வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி போட்டிருந்தால் அணைத்துப் பாருங்கள். விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் விண்டோஸிலேயே இருக்கிறது, காசு கொடுக்க வேண்டாம்.

பிராசஸர் மாற்றியவர்கள் கூலரைப் பாருங்கள். இன்டெல் கூலரின் நான்கு கால்களில் ஒன்று சரியாகப் பதியாவிட்டாலும் போதும், சூடு 100 டிகிரிக்கு ஏறிவிடும். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கழற்றாமலே மாட்டியதையும் பார்த்திருக்கிறேன்.

குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கு இதுகூட: உப்புக்காற்றில் கேபினெட்டின் ரீசெட் பட்டன் துருப்பிடித்து உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். நாம் அழுத்தாமலே அது ரீசெட் கொடுத்துக்கொண்டிருக்கும். ரீசெட் ஒயரை மதர்போர்டிலிருந்து கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். அந்தப் பட்டன் இல்லாமல் கம்ப்யூட்டர் நன்றாகவே ஓடும். இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை என்பதால், கடலோரத்துக்காரர்கள் முதலிலேயே செய்துவிடலாம்.

எதையும் கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

புதிய கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, பழையபடி இரண்டு நாள் ஓட்டுங்கள். ரீஸ்டார்ட் நின்றதா என்று பாருங்கள். நின்றால் உடனே கார்டைக் குறை சொல்லாமல், அதிக வாட் உள்ள எஸ்எம்பிஎஸ் வைத்திருக்கும் நண்பர் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதே கார்டைப் போட்டுப் பாருங்கள். அங்கே ஓடினால் வாங்க வேண்டியது எஸ்எம்பிஎஸ். அங்கேயும் அணைந்தால் பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம். போகும்போது எந்த நேரத்தில், என்ன வேலை செய்யும்போது அணைந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கடைக்காரர் "இங்க நல்லா ஓடுதே" என்று சொன்னால், அந்த வேலையையே உங்கள் முன்னால் செய்து காட்டச் சொல்லலாம்.

நன்றி, வணக்கம்.